13,500 பி.டி.யு. ஏ.சி. உள்ள டிராவல் டிரெய்லருக்கு எத்தனை வாட் ஜெனரேட்டர் வேண்டும்?

வழிப்போக்கன்:
அனைவருக்கும் வணக்கம். ஏழு மீட்டர் நீளமுள்ள டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு. கூரையில் 13,500 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏ.சி. ஒன்று. உள்ளே மைக்ரோவேவ், எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் ஃபிரிட்ஜ், அதேபோல் இரண்டிலும் சூடாகும் வெந்நீர்க் கலன், ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. இதுவரை மின் இணைப்பு உள்ள முகாம்களிலேயே தங்கினோம். இனி இணைப்பில்லாத இடங்களுக்கும் போக ஆசை.

உள்ளே இருக்கும் எல்லாப் பொருள்களின் வாட்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். காபி இயந்திரத்தையும் முடி உலர்த்தியையும் சேர்த்தால் 8,200-ஐத் தாண்டுகிறது. அந்த அளவு ஜெனரேட்டரை என்னால் தூக்கவே முடியாது. நண்பர் ஒருவரோ 2,000 வாட் போதும் என்கிறார். எட்டாயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் நின்று விழிக்கிறேன். வழி சொல்லுங்கள்.

இரும்புக்கொக்கி:
அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் டிரெய்லரின் இணைப்பே 30 ஆம்பியர்தான். 120-ஆல் பெருக்கினால் 3,600 வாட். அதற்கு மேல் நீங்கள் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்தக் கம்பி வழியே உள்ளே போகாது, பிரேக்கர் விழுந்துவிடும். முகாமில் மின் இணைப்பில் இருக்கும்போது அந்த 3,600-க்குள்தானே குடும்பம் நடத்தினீர்கள்? அதையே ஜெனரேட்டரிலும் நடத்தலாம்.

என் கட்சி எளிது. 3,500 வாட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள். சிறியதை வாங்கிவிட்டுப் பிறகு பெரியது வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே அப்படித்தான்.

அமைதிவிரும்பி:
நான் மறுக்கிறேன். என்னிடம் இருப்பதும் 13,500 பி.டி.யு. ஏ.சி.தான். 2,200 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் (சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தை மாற்றும் வகை) ஒன்றில் மூன்று கோடைகளாக ஓட்டுகிறேன். ஏ.சி.யில் அதை மெல்லத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியைப் பொருத்தினேன், அவ்வளவுதான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிறேன். இரும்புக்கொக்கி ஐயா தன்னுடையதை இறக்க அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இரும்புக்கொக்கி:
அதில் சக்கரம் இருக்கிறது, ஐயா.

செம்புக்கம்பி:
இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது எங்கே முடிகிறது என்பதை இருவருமே சொல்லவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஜெனரேட்டரின் பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது சில விநாடிகளோ சில நிமிடங்களோ மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். ஹோண்டா இ.யூ.2200ஐ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் 2,200 இருந்தாலும் தொடர் அளவு 1,800 வாட். அவர்களுடைய 3,000 வாட் மாடலுக்குத் தொடர் அளவு 2,800. கணக்கை எப்போதும் அந்த இரண்டாவது எண்ணில் போடுங்கள்.

அடுத்து ஏ.சி. அதற்கும் இரண்டு முகங்கள். 13,500 பி.டி.யு. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 1,300 முதல் 1,600 வாட் வரை இழுக்கும். ஆனால் நின்றுகிடக்கும் கம்ப்ரசர் சுழலத் தொடங்கும் அந்த நொடிக்குள் அதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். சிறிய ஜெனரேட்டர்கள் மண்டியிடுவது அங்கேதான். சாஃப்ட் ஸ்டார்ட்டர் அந்தத் தொடக்க இழுப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கும். ஓட்டத்தின்போது எடுக்கும் மின்சாரத்தை அது குறைக்காது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வாசலைத் தாண்ட உதவுகிறதே தவிர, வீட்டுக்குள் சுமக்க வேண்டிய சுமை அப்படியேதான் இருக்கிறது.

எனவே அமைதிவிரும்பி சொல்வது நடக்கும். 1,800-இல் ஏ.சி. 1,500-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 300. அதில் விளக்கு எரியலாம், கைப்பேசி சார்ஜ் ஆகலாம். பேட்டரியை நிரப்பும் கன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடினால் அதற்கே இடம் இல்லை. அமைதிவிரும்பி, நீங்கள் கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தானே ஏ.சி. போடுகிறீர்கள்?

அமைதிவிரும்பி:
ஆமாம், அணைத்துவிடுவேன். ஃபிரிட்ஜும் வெந்நீரும் எரிவாயுவில். சுமை குறைந்தால் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் எக்கோ பொத்தானையும் அணைத்துவிட்டுத்தான் ஏ.சி.யைத் தொடுவேன், இல்லையென்றால் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்ப்ரசர் வந்து இடிக்கும். அதையெல்லாம் சொல்லாமல் விட்டது என் தவறு.

மலையேறி:
எல்லோரும் தரைமட்டத்துக் கணக்கையே பேசுகிறீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

என்னிடமும் 1,800 தொடர் வாட், சாஃப்ட் ஸ்டார்ட்டர், 13,500 ஏ.சி. வீட்டு வாசலில் வைத்து ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகு 2,400 மீட்டர் உயரத்தில் முகாமிட்டோம். நண்பகலில் அங்கேயும் வெயில் கொளுத்தியது. ஏ.சி. தொடங்கியது, நாற்பது விநாடி ஓடியது, ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றது. அணைத்து மீண்டும் இயக்கினேன், அதே கதை. நான்காவது முறைக்குப் பிறகு குழந்தைகள் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்த இயந்திரத்தோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

காரணம் காற்று. உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் எஞ்சின் சுமார் 3.5 சதவீதத் திறனை இழக்கிறது. 2,400 மீட்டர் என்றால் எட்டுப் படி, 28 சதவீதம். என் 1,800 அங்கே 1,300 ஆகிவிட்டது. ஏ.சி.க்கு வேண்டியது 1,500. சாஃப்ட் ஸ்டார்ட்டர் தொடங்கிவைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டது. உயரத்துக்கான கார்புரேட்டர் ஜெட் மாற்றினால் எஞ்சின் ஒழுங்காக எரியும், கரும்புகை நிற்கும். ஆனால் போன திறன் திரும்பி வராது.

புரொப்பேனில் ஓட்டுகிறவர்கள் அதிலிருந்து இன்னும் பத்து சதவீதம் வரை கழித்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன்:
மலையேறி ஐயா, நல்ல வேளை சொன்னீர்கள். நாங்கள் போக நினைக்கும் இடங்களில் மிக உயர்ந்தது 1,500 மீட்டர். ஐந்து படி, 17.5 சதவீதம். அப்படியானால் 1,800 என்பது 1,485 ஆகிவிடும்.

செம்புக்கம்பி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு க்ளாம்ப் மீட்டர் வாங்கினேன். மின் இணைப்புள்ள இடத்தில் டிரெய்லரைச் செருகி, ஏ.சி.யை முழு வேகத்தில் விட்டு, பெரிய கேபிளைச் சுற்றி மீட்டரைப் பிடித்தேன். 0.1 ஆம்பியர் காட்டுகிறது. ஏ.சி. குளிர்ந்த காற்றை அள்ளி வீசுகிறது. இது எந்த வகை அதிசயம்?

செம்புக்கம்பி:
முழுக் கேபிளையும் சுற்றிப் பிடித்தால் அப்படித்தான் காட்டும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரே வளையத்துக்குள் இருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே ஒரு கம்பியைத் தனியே பிரித்துப் பிடிக்க வேண்டும். கேபிளை வெட்டிவிடாதீர்கள்! கம்பிகளைப் பிரித்துக் காட்டும் சிறிய இணைப்புத் துண்டு கிடைக்கிறது, நடுவே செருகி அளக்கலாம். பிரேக்கர் பெட்டியைத் திறந்து அளப்பதானால் பழக்கமுள்ளவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது வெயில் உச்சியில் இருக்கட்டும். வெளியே சூடு ஏற ஏறக் கம்ப்ரசர் அதிகமாக இழுக்கும். காலையில் அளந்த எண் மதியத்தில் பொய்யாகும்.

வெயிலோன்:
ஏ.சி.யை மறந்துவிட்டு யோசித்தால் இந்த இழையே தேவையில்லை என்பது என் கருத்து. எங்களுக்குக் கூரையில் சோலார் பலகைகளும் உள்ளே லித்தியம் பேட்டரியும். மழை மூன்று நாள் பிடித்துக்கொண்டால் மட்டும் 1,000 வாட் குட்டி ஜெனரேட்டரை எடுப்போம். ஏ.சி. தேவைப்படும் பருவத்தில் மின் இணைப்புள்ள முகாம். பிரச்சினை தீர்ந்தது.

வழிப்போக்கன்:
என் மாமியார் எங்களோடு வருகிறார். ஏ.சி.யை மறக்க முடியாது.

வெயிலோன்:
புரிகிறது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மறுகரை:
ஒரு சந்தேகம். எங்கள் வண்டி 230 வோல்ட் வகை, இணைப்பு 16 ஆம்பியர். இங்கே எல்லோரும் 30 ஆம்பியர் என்று பேசுவதைப் பார்த்தால் எங்களுடையது பாதிதான்போல் இருக்கிறதே?

செம்புக்கம்பி:
இல்லை. 230-ஐ 16-ஆல் பெருக்குங்கள்; 3,680 வாட். அவர்களுடைய 3,600-க்கு ஏறத்தாழச் சமம். வோல்ட் இருமடங்கு என்பதால் அதே வேலைக்கு ஆம்பியர் பாதி. வாட்டில் கணக்குப் போட்டால் இந்த இழையில் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் சில இடங்களில் இணைப்பு 10 ஆம்பியர்தான் தருவார்கள். அங்கே 2,300 வாட்டோடு முடிந்தது.

வழிப்போக்கன்:
இந்த முறை ஒழுங்காக அளந்துவிட்டேன். பிற்பகல் இரண்டு மணி, வெளியே 33 டிகிரி, மின்னழுத்தம் 118 வோல்ட்.

ஏ.சி. ஓட்டத்தில் 13.1 ஆம்பியர். தொடங்கும் நொடியில் மீட்டர் பிடித்த உச்சம் 58. மைக்ரோவேவ் 12.6, அதன் கதவில் 1,000 வாட் என்று எழுதியிருக்கிறது, இழுப்பதோ 1,487! வெந்நீர்க் கலன் மின்சாரத்தில் 11.8. ஃபிரிட்ஜ் மின்சாரத்தில் 2.7. கன்வெர்ட்டர், பேட்டரி நிரம்பியிருந்தபோது 1-க்கும் கீழே. பாதி காலியாக்கிவிட்டுப் பார்த்தால் 5.2.

செம்புக்கம்பி:
அருமை. இப்போதுதான் பேசுவதற்குப் பொருள் இருக்கிறது. மைக்ரோவேவில் எழுதியிருப்பது உணவுக்குள் போகும் வாட். சுவரிலிருந்து எடுப்பது அதைப் போல ஒன்றரை மடங்கு. அது இயல்பு.

58 ஆம்பியரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அந்த நேரத்து மின்னோட்டத்தில் பெரும்பகுதி உண்மையான வாட்டாக எஞ்சின்மேல் விழுவதில்லை, அதுவும் கண்ணிமைக்கும் நேரம்தான். அதனால்தான் 2,800 தொடர் வாட் ஜெனரேட்டர்கள் பல, சாஃப்ட் ஸ்டார்ட்டர் இல்லாமலே இத்தகைய ஏ.சி.யைத் தொடங்கிவிடுகின்றன. இருந்தாலும் பொருத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன், கம்ப்ரசருக்கும் நல்லது. ஏ.சி. நின்றால் மூன்று நிமிடமாவது ஆறவிட்டு மீண்டும் போடுங்கள். உள்ளே வாயு அழுத்தம் சமமாவதற்குள் தொடங்கினால் மோட்டார் சுழலாமல் திணறும். அப்போது எந்த ஜெனரேட்டரும் கைவிடும்.

இனி உங்கள் கணக்கு. சுமைகளை எல்லாம் கூட்டாதீர்கள். ஒரே நேரத்தில் எவை ஓடியே தீர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கோடையில் ஏ.சி.யும் கன்வெர்ட்டரும்: 13.1 + 5.2 = 18.3 ஆம்பியர், 118 வோல்ட்டில் ஏறக்குறைய 2,160. ஃபிரிட்ஜும் வெந்நீரும் எரிவாயுவுக்குப் போகட்டும். 1,500 மீட்டரில் இந்த 2,160 கிடைக்க வேண்டுமானால் தரைமட்டத்தில் 2,620 தொடர் வாட் வேண்டும். உங்கள் விடை அங்கே இருக்கிறது. 1,800 போதாது, 2,800 போதும், கொஞ்சம் நெருக்கமாக. இரும்புக்கொக்கி சொன்ன 3,500 தாராளம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பின்னால் லித்தியம் பேட்டரிக்கு மாறினால் அந்த 5.2 ஏறக்குறைய இருமடங்காகலாம். ஈய பேட்டரி ஒன்று தானாகவே மெதுவாகத்தான் குடிக்கும். லித்தியமோ, கன்வெர்ட்டர் தருவதை எல்லாம் மணிக்கணக்கில் விழுங்கும்.

இரும்புக்கொக்கி:
நான் அப்போதே சொன்னேன்.

அமைதிவிரும்பி:
நீங்கள் எண்ணைச் சொன்னீர்கள், காரணத்தைச் சொல்லவில்லை.

வழிப்போக்கன், இன்னொரு வழி இருக்கிறது. 1,800 தொடர் வாட் கொண்ட ஒரே மாதிரியான இரண்டு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களை இணைகேபிள் போட்டுச் சேர்க்கலாம். 3,600 கிடைக்கும், உங்கள் உயரத்தில் 2,970. ஒவ்வொன்றும் 21 கிலோ சொச்சம். 2,800 தரும் ஒற்றை இயந்திரம் அறுபது கிலோவை நெருங்கும் வகையும் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம். ஒன்று மக்கர் செய்தால் மற்றது இருக்கிறது.

இரும்புக்கொக்கி:
இரண்டு எஞ்சின், இரண்டு முறை எண்ணெய் மாற்றம், இரண்டு தொட்டி, இரண்டு திருட்டுப் பயம். ஒரு பொத்தானை அழுத்தினால் தொடங்கும் என்னுடையதை அறுபது வயதிலும் நான் இயக்குகிறேன். கயிறு இழுத்துப் பாருங்கள், தோள் சொல்லும்.

மலையேறி:
தோள் வலியா, முதுகு வலியா என்பதே கேள்வி. இரண்டையும் அனுபவித்தவன் என்ற முறையில், முதுகைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வேன். ஜெனரேட்டரை டிரெய்லரின் மூக்கில் தட்டு அடித்து வைக்க நினைத்தால், அந்தப் பாரம் முழுவதும் கொக்கிமேல் இறங்கும் என்பதையும் இழுக்கும் வண்டி அதைத் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

வழிப்போக்கன்:
சத்தம் எப்படி? ஒரு மாடலில் 52 டெசிபல் என்றும் இன்னொன்றில் 58 என்றும் போட்டிருக்கிறார்கள். ஆறு டெசிபல்தானே வித்தியாசம்?

அமைதிவிரும்பி:
என் பெயருக்கேற்ற கேள்வி. எத்தனை தூரத்தில், எவ்வளவு சுமையில் அளந்தார்கள் என்று பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஆறு டெசிபல் குறையும். அதாவது ஒருவர் இரண்டு மடங்கு தள்ளி நின்று அளந்திருந்தால் உங்கள் இரண்டு இயந்திரங்களும் ஒரே சத்தம்தான். கால் சுமையில் அளந்த எண்ணை விளம்பரத்தில் போடுவதும் வழக்கம். ஏ.சி. ஓடும்போது நீங்கள் கேட்கப்போவது முழுச் சுமையின் சத்தத்தை.

கட்டுமான இடங்களில் பார்க்கும் திறந்த சட்டக ஜெனரேட்டரைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே வேகத்தில்தான் சுழன்றாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு நிமிடத்துக்கு 3,600 சுற்று. ஒரே ஒரு விளக்குக்காக முழு முகாமும் விழித்திருக்கும்.

மறுகரை:
இரவு முழுவதும் ஏ.சி. ஓட்டலாமா?

மலையேறி:
முகாம்கள் பலவற்றில் இரவில் ஜெனரேட்டருக்குத் தடை உண்டு. தடை இல்லாவிட்டாலும் தொட்டி விடாது. அமைதிவிரும்பியின் ரகத்துக்கு 3.6 லிட்டர் தொட்டி. கால் சுமையில் எட்டு மணி நேரம் வரும், முழுச் சுமையில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நள்ளிரவில் எழுந்து போய்ச் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

வழிப்போக்கன்:
மழை வந்தால் டிரெய்லருக்கு அடியில் தள்ளி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

செம்புக்கம்பி:
வேண்டாம். ஒருபோதும் வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரையின் இடுக்குகள் வழியே படுக்கைக்கு ஏறி வரும். குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைக்குழாய் உங்களையும் பக்கத்து டிரெய்லரையும் பார்க்காத திசையில் வையுங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பழைய வண்டி என்றால் அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஆறு மீட்டருக்குப் போகும் கேபிள் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் சரிந்து கம்ப்ரசர்தான் அடி வாங்கும்.

வழிப்போக்கன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 1,800 தொடர் வாட் ஜெனரேட்டர்கள் இரண்டு, இணைகேபிள், ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர். வாங்கிவிட்டோம். இரும்புக்கொக்கி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. டிரெய்லரின் பின்கதவு வழியாக அறுபது கிலோ ஏறாது, அதுவே தீர்மானித்துவிட்டது.

முதல் நாளே சிக்கல். இரண்டும் அழகாக ஓடின. ஆனால் டிரெய்லரின் மின்காப்புப் பெட்டி 'தரை இணைப்பு இல்லை' என்று பிழைக்குறி காட்டி மின்சாரத்தை உள்ளே விடவே இல்லை. மாமியார் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

செம்புக்கம்பி:
ஜெனரேட்டரில் குறை இல்லை. இத்தகைய சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி) தரைக்கம்பியோடு இணைக்கப்படாமல் மிதக்கும். காப்புப் பெட்டி அந்த இணைப்பைத் தேடுகிறது, காணாமல் கதவை மூடிவிடுகிறது. நியூட்ரலையும் தரைக்கம்பியையும் உள்ளே சேர்த்த ஒரு சிறு பிளக் இதற்கென்றே கிடைக்கும். ஜெனரேட்டரில் காலியாக இருக்கும் துளையில் செருகுங்கள், பெட்டி சமாதானமாகிவிடும். முதலில் கையேட்டில் உங்கள் மாடல் மிதக்கும் வகைதானா என்று உறுதிசெய்யுங்கள். அந்த பிளக்கை முகாமின் மின் இணைப்பில் மட்டும் செருகிவிடாதீர்கள்; சிவப்பு நாடா சுற்றி ஜெனரேட்டர் பையிலேயே போட்டு வையுங்கள்.

வழிப்போக்கன்:
பிளக் வேலை செய்தது! சாஃப்ட் ஸ்டார்ட்டரோடு தொடக்க உச்சம் 58-இலிருந்து 21 ஆம்பியருக்கு இறங்கியது. போன வாரம் 1,500 மீட்டரில் மதியம் முழுக்க ஏ.சி. ஓடியது, கன்வெர்ட்டரும் கூடவே. மைக்ரோவேவ் போடும் நான்கு நிமிடம் மட்டும் ஏ.சி.யை நிறுத்தினோம், இரண்டும் சேர்ந்தால் 3,030, எங்களிடம் இருப்பது 2,970. மாமியாரே இப்போது 'காபி போடலாமா, இயந்திரம் தாங்குமா' என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார்.

குளிர்ந்த காலை ஒன்றில் ஒற்றை ஜெனரேட்டரில் மைக்ரோவேவை மட்டும் போட்டுப் பார்த்தேன். கணக்குப்படி இருப்பு 1,485, தேவை 1,487. இரண்டு வாட் கடன். உச்ச அளவைக் கொண்டு சமாளித்துக்கொண்டது, கஞ்சி சூடானது.

இனிமேல் பராமரிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?

மலையேறி:
பெட்ரோலைத் தொட்டியில் வைத்து மாதக்கணக்கில் மூடாதீர்கள். பிசினாகிக் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பயணம் முடிந்ததும் எரிபொருள் திறப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். முதல் எண்ணெய் மாற்றம் 20 மணி நேரத்தில். அதன்பின் 100 மணிக்கு ஒருமுறை என்று பல கையேடுகள் சொல்லும். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். காரணம் தெரியாமல் நின்றால் முதலில் எண்ணெய் அளவுகோலைப் பாருங்கள்.

வழிப்போக்கன்:
நேற்றோடு 20 மணி நேரம் ஆனது. இரண்டிலும் எண்ணெய் மாற்றிவிட்டேன். பழைய எண்ணெயில் வெள்ளிப் பொடி கலந்ததுபோல் மினுக்குகிறது. கவலைப்பட வேண்டுமா?

இரும்புக்கொக்கி:
புது எஞ்சின் உள்ளே தேய்ந்து படியும்போது அப்படித்தான் இருக்கும். அடுத்த மாற்றத்திலும் மினுக்கினால் எழுதுங்கள். துகள் கைக்குத் தட்டுப்பட்டால் உடனே எழுதுங்கள்.